சிவப்புப் பட்டனும் கையில்லாத ஞானப்பூவும்

ஒரு காட்டில், சோலார் மோட்டார் வந்து சேர்ந்து ஆற்றுப் பாதையெல்லாம் முள் மண்டிப்போன காலத்தில், ஞானப்பூ என்று ஒரு சாரைப்பாம்பு இருந்தாள். சாரைக்கு விஷம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்தக் காட்டில் அதையெல்லாம் யார் கேட்டார்கள்? பாம்பு என்றால் பாம்புதான் என்று முடித்துவிட்டார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எது கெட்டுப்போனாலும் காட்டெருமைத் தலைவர் தொம்மையார் பஞ்சாயத்தைக் கூட்டி, "யார் செஞ்சது?" என்று கேட்பார். யார்மேல் சந்தேகமோ அவர் உடனே முன்னங்காலை நீட்டி இன்னொருவரைக் காட்ட வேண்டும். காட்டியதும் குற்றம் அவர்மேல் போய்விடும். அவர் அடுத்தவரைக் காட்டுவார். தலைவர் ஒரு வாய்ப் புல்லை மென்று விழுங்குவதற்குள் யார் காட்டவில்லையோ, அவர்தான் குற்றவாளி. சாட்சி, தடயம், வாய்தா என்று ஒரு தொந்தரவும் இல்லை. பறவைகள் இறக்கையை நீட்டலாம், யானை தும்பிக்கையை நீட்டலாம். வாலை மட்டும் நீட்டக் கூடாது. முன்பு ஒரு செந்நாய் வாலை நீட்டப்போய், பயத்தில் அந்த வால் ஆடிய ஆட்டத்தில் தலைவர் உட்பட காடு மொத்தமும் குற்றவாளியாகிவிட்டது. அன்றோடு வாலுக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

ஞானப்பூவிடம் வாலை விட்டால் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். எனவே எங்கே சுற்றினாலும் குற்றம் கடைசியில் அவள் புற்றுக்குத்தான் வரும். கரடி தலையில் பலாப்பழம் விழுந்ததற்கு ஞானப்பூ. முயல் வீட்டுக் கல்யாணம் நின்றுபோனதற்கு ஞானப்பூ. மயிலுக்குத் தொண்டை கட்டியதற்கும் அவளேதான். பெரிய தண்டனை ஒன்றும் கிடையாது, நாலு பேர் வந்து புற்று வாசலில் காறித் துப்பிவிட்டுப் போவார்கள். அவளும் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் வனக்காவலர் ஒருவர் வந்து தண்ணீர்த் தொட்டி கட்டினார். பக்கத்தில் சோலார் தகடு, அதன் கீழே ஒரு மோட்டார் பெட்டி, பெட்டியின் மேல் இரண்டு பட்டன்கள். பச்சையை அமுக்கினால் குழாயில் தண்ணீர் கொட்டும்.

"பச்சையை எத்தனை தடவ வேணும்னாலும் அமுக்கிக்கோங்க. சிவப்பை மட்டும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு, தன் ரப்பர் கையுறையில் ஒன்றை முள்செடியில் மறந்துவிட்டு, மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சிவப்பைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

அடடா, என்ன வாழ்வு அது! மிருகங்கள் வரிசையில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு மரத்தடியில் படுத்துக்கொள்ளும். ஓடவும் வேண்டாம், வேர்க்கவும் வேண்டாம். வரிசையில் நிற்காதது புலி மட்டும்தான். அது வந்தால் வரிசையே இருக்காது.

ஞானப்பூவின் புற்று அந்த மோட்டார் பெட்டிக்கு அடியில்தான் இருந்தது. பெட்டியின் சூடு முட்டைக்கு நல்லது என்று அங்கேயே முட்டையிட்டு, மேலே சுருண்டு படுத்திருந்தாள். அவளுக்கு அது முதல் ஈடு. உள்ளே ஏதோ அசைகிற மாதிரி இருந்தால் அவளுக்குப் பூரித்துப்போகும்.

ஒருநாள் மத்தியானம் குரங்குத் தம்பதி சவரிமுத்துவும் சிசிலியும் தண்ணீர் குடிக்க வந்தார்கள். குடித்து முடித்த சிசிலி பெட்டிமேல் உட்கார்ந்து சிவப்புப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞானப்பூக்கா, இதை அமுக்குனா என்னக்கா ஆகும்?"

"எனக்கு எப்படிட்டி தெரியும்? அமுக்கிப் பார்க்க எனக்கு என்ன கையா இருக்கு?" என்றாள் ஞானப்பூ, முட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. சிசிலி புருஷனிடம் திரும்பி, "கேட்டீங்களா? ஞானப்பூக்காவுக்குக் கை இருந்தா எப்பவோ அமுக்கியிருப்பாளாம்," என்றாள். சொல்லிக்கொண்டே பட்டனைப் பாதி அமுக்கினாள். "நல்லாத்தான் இருக்கு. மீதியை நீங்க அமுக்குங்க," என்று புருஷனுக்குப் பங்கு கொடுத்தாள். பெண்டாட்டி கொடுத்ததை வேண்டாம் என்று சொல்கிற தைரியம் சவரிமுத்துவுக்குக் கிடையாது. அமுக்கினான்.

டக்.

மோட்டார் நின்றது. குழாய் இரண்டு சொட்டு விட்டு ஓய்ந்தது. பச்சையை அமுக்கினார்கள், குத்தினார்கள், கெஞ்சினார்கள். ஒன்றும் வரவில்லை.

"ஏட்டி, என்னைப் பார்த்தா குத்தவாளி மாதிரி தெரியுதா?" என்று கேட்டான் சவரிமுத்து.

"முன்னால நின்னு பார்த்தா தெரியுது."

இரண்டு பேரும் ஓடிப்போய்த் தேக்கிலை பறித்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

சாயங்காலமே தொட்டிப் பக்கத்தில் பஞ்சாயத்துக் கூடியது. தொம்மையார் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "என்னடே கோலம் இது?"

"வெட்கமா இருந்துச்சு, தலைவரே."

"தண்ணி நின்னதுக்கு நீ ஏண்டே வெட்கப்படுத? யார் செஞ்சது?"

சவரிமுத்துவின் கை படாரென்று பெண்டாட்டி பக்கம் நீண்டது. "இவதான். நீங்க பார்த்து எனக்குக் கட்டி வெச்சீங்களே, இவதான் அமுக்கச் சொன்னா."

சிசிலி அழவில்லை, அசரவில்லை. கையைப் புற்றுப் பக்கம் நீட்டினாள். "எனக்கு என்ன தெரியும்? ஞானப்பூக்கா பேச்சைக் கேட்டுத்தான்."

தொம்மையார் ஒரு வாய்ப் புல்லை எடுத்துப் போட்டுக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார். எல்லாக் கண்ணும் ஞானப்பூமேல் இருந்தது.

"தலைவரே, நான் சொன்னது அது இல்ல. எனக்குத் தெரியாதுன்னுதான்..."

"வாயால பேசாதம்மா. கையைக் காட்டு."

காட்ட எங்கே இருக்கிறது கை? புல் உள்ளே போயிற்று. தொம்மையார் ஏப்பம் விட்டுத் தீர்ப்புச் சொன்னார். இது பலாப்பழ விவகாரம் இல்லை, தண்ணீர் விவகாரம். ஆகவே துப்பினால் மட்டும் போதாது. பௌர்ணமி வந்ததும் ஞானப்பூ காட்டை விட்டு வெளியேற வேண்டும், அவள் பரம்பரையும் சேர்த்து.

"பரம்பரையா? முட்டைக்குள்ள இருக்கிற பிள்ளைக என்ன தப்பு பண்ணிச்சு, தலைவரே?"

"மறுப்பு இருந்தா பிள்ளைகளையே சொல்லச் சொல்லு," என்றார் தொம்மையார் பெருந்தன்மையாக.

சபை முட்டைகளைப் பார்த்துக் காத்திருந்தது. காற்று அடித்தது. ஒரு முட்டைகூட வாயைத் திறக்கவில்லை.

"ஒப்புக்கிட்டாச்சு," என்று எழுந்துகொண்டார்.

ஞானப்பூ முட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். பாம்பு முட்டையை உருட்டிக்கொண்டு போக முடியாது. புரண்டால் உள்ளே இருக்கும் உயிர் போய்விடும். தூக்கிக்கொண்டு போகக் கையும் இல்லை. பௌர்ணமிக்குள் பொரிக்கவும் பொரிக்காது. அவள் போனால் மறுநாளே கீரி வந்துவிடும். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமலே போகப்போகிறோமோ என்று நினைத்து நினைத்து அவள் வயிறு எரிந்தது. அவளுக்கு உடம்பே வயிறு. அவ்வளவும் எரிந்தது.

மறுநாள் காலையில் உபதேசியாரைத் தேடிப் போனாள். உபதேசியார் என்பது ஒரு கருமந்தி. பாறைமேல் உட்கார்ந்து ஞாயிறுதோறும் முதல் பாவத்தின் கதையைச் சொல்லிக் குட்டிகளைத் தூங்கவைப்பவர்.

"உபதேசியாரே, முதல் பாவம் எங்க பாட்டனாலதான் வந்துச்சுன்னே வெச்சுக்கிடுவோம். அன்னைக்கு விசாரணை எப்படி நடந்துச்சு?"

உபதேசியாருக்குக் குஷி பிறந்துவிட்டது. ஞாயிறு இல்லாத நாளில் வந்து கேட்கிற ஆள் கிடைத்தால் விடுவாரா? "ஆண்டவர் முதல்ல மனுஷன்கிட்ட கேட்டார். அவன் பெண்டாட்டியைக் காட்டினான். அவகிட்ட கேட்டார். அவ பாம்பைக் காட்டினா."

"பிறகு எங்க பாட்டன்கிட்ட கேட்டார்."

உபதேசியார் தாடையைச் சொறிந்தார். "கேட்ட மாதிரி தெரியலையே."

"கேட்கலையா?"

"நேரா தீர்ப்புத்தான். வயித்தால ஊர்ந்து போ, மண்ணைத் தின்னு, அவ்வளவுதான். மனுஷனுக்கு வேர்வை, பொம்பளைக்குப் பேறுகால வலி, நிலத்துக்கு முள். ஆளுக்கு ஒண்ணு கிடைச்சுது."

"தீர்ப்புக்கு முந்தி எங்க பாட்டனுக்குக் கால் இருந்துச்சா?"

"இருந்திருக்கணும். இல்லாததை எப்படிப் பிடுங்க முடியும்?"

"கால் இருந்தும் அவர் யாரையும் காட்டலையா?"

"காட்டலை."

"காட்டியிருந்தா யாரைக் காட்டியிருப்பார்? அங்க வேற யார் இருந்தா?"

உபதேசியார் மெதுவாக அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். சட்டென்று குனிந்துகொண்டார். "மெல்லப் பேசு தாயி. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு."

ஞானப்பூவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. "எங்க பாட்டன் மரியாதைக்காரர். அதான் காட்டாம விட்டுட்டார். நான் அவ்வளவு மரியாதைக்காரி இல்ல," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

வருகிற வழியெல்லாம் கைக்கு எங்கே போவது என்றுதான் யோசனை. புற்று வாசலில் இருந்த முள்செடி அவள் முதுகைக் கீறியது. சனியனே என்று நிமிர்ந்து பார்த்தால், அதில் காவலரின் கையுறை தொங்கிக்கொண்டிருக்கிறது! ஆரஞ்சு நிற ரப்பர், ஐந்து விரலும் ஒழுங்காக. சாபத்தில் முளைத்த முள் அவளுக்கென்று ஒரு கையைப் பிடித்து வைத்திருந்தது. ஞானப்பூ முள்ளுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். மூக்கில் குத்தியது. பரவாயில்லை என்று இன்னொன்றும் கொடுத்தாள்.

பௌர்ணமி அன்று காலையில் அவளை வழியனுப்பக் காடே கூடியிருந்தது. சிசிலி வழியில் சாப்பிடக் கட்டுச்சோறுகூடக் கொண்டு வந்திருந்தாள், பாவம். புற்றுக்குள்ளிருந்து ஞானப்பூ வந்தாள். தலையை ஆள்காட்டி விரலுக்குள் விட்டு, கழுத்தில் கையுறை, மற்ற விரல்கள் காதுபோல ஆட, நிமிர்ந்து நின்றாள். முயல்குட்டி ஒன்று ஓவென்று அழுதது.

"தலைவரே," என்று விரலுக்குள்ளிருந்து குரல் வந்தது, "அன்னைக்குக் கையைக் காட்டுன்னு சொன்னீங்க. கொண்டாந்திருக்கேன். புல்லைப் போடுங்க."

"அது உன் கை இல்லையேம்மா!"

"சவரிமுத்து இடுப்புல கட்டியிருக்கானே, அது அவன் இலையா? மானத்துக்கு இரவல் வாங்கலாம், நியாயத்துக்கு வாங்கக் கூடாதா?"

சபையில் ஒரு சலசலப்பு. சவரிமுத்து இலையைப் பொத்திக்கொண்டான். இலை செல்லாது என்றால் அவன் சபையில் நிற்க முடியாது. இலை செல்லும் என்றால் கையுறையும் செல்லும். தொம்மையார் இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். கடைசியில் ஒரு வாய்ப் புல்லைப் போட்டுக்கொண்டார்.

ஞானப்பூ அந்த ஆரஞ்சு விரலைச் சபை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினாள். யார்மேல் போனாலும் அவர் பின்னால் நகர்ந்தார். கடைசியில் அது நேரே தொம்மையாரின் மூக்குக்கு முன்னால் போய் நின்றது.

"நீங்கதான். இந்த ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வெச்சது நீங்கதானே? சவரிமுத்தே அன்னைக்குச் சொன்னான்."

ஐயோ, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! வாயில் புல் இருக்கிறது. விழுங்கினால் குற்றவாளி. தொம்மையார் மென்றார், மென்றார், கண்ணில் தண்ணீர் வரும்வரை மென்றார். தாடை வலி தாங்காமல் குளம்பை உபதேசியார் பக்கம் நீட்டினார். "மூணு ஞாயிறு இவங்க கல்யாண ஓலையை வாசிச்சது இவர்தானே?"

உபதேசியார் பதறிப்போய்க் கரடியைக் காட்டினார். "ஓலை வாசிச்சப்போ ஆட்சேபணை சொல்லாம உட்கார்ந்திருந்தது இவர்தான்!"

கரடி முயலைக் காட்டியது. "கல்யாணச் சாப்பாடு நல்லா இருக்கும், பேசாம இருன்னு சொன்னது இவன்தான்." முயல் மயிலை, மயில் முள்ளம்பன்றியை, முள்ளம்பன்றி ஆந்தையை, ஆந்தை தூக்கக் கலக்கத்தில் சவரிமுத்துவை. சவரிமுத்து பெண்டாட்டியை, சிசிலி ஞானப்பூவை. ஞானப்பூ கையுறையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் தலைவரை.

கைகாட்டல் முடியாமல் தண்டனை கிடையாது என்பது காட்டுச் சட்டம். அன்று பொழுது சாய்ந்தும் முடியவில்லை. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. குற்றம் காட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஞானப்பூ காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தலைவரைக் காட்டிவிட்டுப் போய் முட்டையைச் சுற்றிப் படுத்துக்கொள்வாள். இத்தனை நிம்மதியாக அவள் என்றைக்கும் தூங்கியதில்லை.

அப்படியானால் தண்ணீர்? நல்ல கேள்வி. காடு அதைக் கேட்கவில்லை. எல்லோரும் பழையபடி முள்பாதையில் ஆற்றுக்கு நடந்தார்கள். வேர்த்தது, காலில் முள் ஏறியது, சண்டை வந்தது. ஆற்றுக்கு நடப்பது ஆத்துமாவுக்கு நல்லது என்று உபதேசியார் ஒரு பிரசங்கமே செய்தார். அவர் தண்ணீர் குடிப்பது சுனையில்.

ஒருநாள் திரும்பி வருகிற வழியில் சிசிலி கேட்டாள். "ஏங்க, ஒருதடவ அமுக்குனா உள்ள போச்சு. இன்னொரு தடவ அமுக்குனா வெளிய வந்துருமோ?"

"வாயை மூடுட்டி! அமுக்குனா வரும்னு எனக்கும்தான் தெரியும். யார் அமுக்குறாங்களோ அவங்கதான் முதல்லயும் அமுக்குனாங்கன்னு ஆயிராதா?"

அவன் மட்டுமா? கரடிக்கும் தெரியும், முயலுக்கும் தெரியும். தொம்மையார்கூட ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பட்டன்வரை வந்து, சுற்றிலும் பார்த்து, கொம்பைத் தடவிவிட்டுத் திரும்பிப் போனார். ஞானப்பூ கீழேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் சொல்லத் தோன்றியது. போனமுறை வாயைத் திறந்ததற்கு என்ன கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள்.

ஒருநாள் காலையில் முட்டைகள் கீறல் விட்டன. குட்டிகள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின, ஈரமும் மினுமினுப்புமாக. ஞானப்பூ அழுதாள், சிரித்தாள், எண்ணப்போய் எண்ணிக்கை தவறி மறுபடி அழுதாள். பிள்ளைகளுக்கோ பிறந்ததுமே ஓர் இடத்தில் இருப்பு கொள்ளவில்லை. வெயில் எங்கே என்று தேடி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மோட்டார் பெட்டிமேல் ஏறிவிட்டன. அத்தனையும் குவியலாகச் சிவப்புப் பட்டன்மேல் உருண்டன.

டக்.

மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் தடதடவென்று கொட்டியது. குட்டிகள் பயந்து போய் அம்மாவுக்கு அடியில் புகுந்துகொண்டன. சத்தம் கேட்டு ஆற்றுப்பாதையிலிருந்து காடே திரும்பி ஓடி வந்தது. தொம்மையார் தொட்டிக்குள் மூக்கை விட்டு ஆசை தீரக் குடித்துவிட்டு, வழக்கத்துக்கு விரோதமாகச் சிரித்த முகத்தோடு கேட்டார்:

"யார் செஞ்சது?"

காடு தோன்றிய நாளிலிருந்து நடக்காதது அன்று நடந்தது. எல்லா முன்னங்கால்களும் தத்தம் நெஞ்சின் பக்கம் திரும்பின. கரடி இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டது. மயில் இரண்டு இறக்கையையும் மார்பில் வைத்தது. முள்ளம்பன்றி தன்னையே குத்திக்கொண்டது. சவரிமுத்து இரண்டு கை, இரண்டு கால் நான்கையும் நெஞ்சில் வைத்துத் தரையில் உருண்டான். தொம்மையார் புல்லை எடுக்க மறந்து தானும் குளம்பை உயர்த்தினார்.

குட்டிகள் அம்மாவைப் பார்த்தன. "நாங்கதானம்மா?" என்று ஒன்று கிசுகிசுத்தது.

ஞானப்பூ கையுறையைத் தேடினாள். அது புற்று வாசலில் கிடந்தது. கடைக்குட்டி அதன் ஆள்காட்டி விரலுக்குள் புகுந்து, வெளி உலகம் எப்படியோ போகட்டும் என்று நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பிறந்து ஒரு வேளைகூட ஆகாத பிள்ளை. எழுப்ப மனம் வரவில்லை.

"நீங்கதான் கண்ணுகளா. எனக்குத் தெரியும், போதும்," என்றாள்.

நாலு கையும் நெஞ்சில் வைத்தவனைவிடப் பெரிய சாட்சி உண்டா? பேர் சவரிமுத்துவுக்குப் போயிற்று. மாலை போட்டார்கள். உபதேசியார் நன்றி ஜெபம் சொன்னார். இனிமேல் சிவப்புப் பட்டனை யாரும் தொடக் கூடாது, தொடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சவரிமுத்துவுடையது என்று தொம்மையார் அறிவித்தார். சவரிமுத்து தேக்கிலையை அவிழ்த்து எறிந்துவிட்டு, மாலையோடு பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தான். பக்கத்தில் சிசிலி உட்கார்ந்தாள். எல்லோரும் சந்தோஷமாகக் கலைந்து போனார்கள்.

பிறகு வெயில் தாழ்ந்தது. பொழுது போகவில்லை. சிசிலி சிவப்புப் பட்டனைப் பார்த்தாள். சவரிமுத்துவும் பார்த்தான். கீழே புற்றுக்குள் ஞானப்பூ பிள்ளைகளைச் சுற்றி வளைத்துக் கண்ணயர்ந்திருந்தாள்.

டக்.

ஞானப்பூ ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். குழாய் இரண்டு சொட்டு விட்டு ஓய்கிற சத்தம் கேட்டது. தேக்குமரத்தை நோக்கி நான்கு கால்கள் ஓடுகிற சத்தமும் கேட்டது. அவள் கையுறையை மூக்கால் மெல்லத் தட்டினாள்.

"கண்ணு, எந்திரிச்சுக்கோப்பா. அம்மாவுக்குக் கை வேணும்."

நீதி: பிள்ளைகளுக்கு வீடு வாசல் சேர்த்து வைக்காவிட்டாலும் பரவாயில்லை, அடுத்தவரைக் காட்ட ஒரு விரலாவது சேர்த்து வையுங்கள்.